100 டாலருக்குக் கைமாறிய ஆலன் பேஜ்: வைகிங்ஸ் செய்தது நியாயமா?

எண்பத்தெட்டு | சனி, காலை 7.40

1978 அக்டோபர். பருவத்தில் ஆறு ஆட்டங்கள் முடிந்திருந்தன. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் ஆடும் மின்னசோட்டா வைகிங்ஸ் அணி தன் தடுப்பு ஆட்டக்காரர் ஆலன் பேஜை விலக்கியது. சிகாகோ பேர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அதற்கு அந்த அணி கட்டிய தொகை 100 டாலர். அதை அவருடைய விலை என்றுகூடச் சொல்ல முடியாது. விலக்கப்பட்ட ஆட்டக்காரரைக் கோரும் அணி கட்டவேண்டிய கட்டணம் அது.

ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான், 1971இல், அசோசியேட்டட் பிரஸ் அவரை என்.எஃப்.எல்.லின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்திருந்தது. தடுப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அவருக்குப் பிறகு அந்த விருதை வாங்கிய தடுப்பு ஆட்டக்காரர் என்றால் 1986இல் லாரன்ஸ் டெய்லர்தான் நினைவுக்கு வருகிறார். அப்படிப்பட்டவரைப் பருவத்தின் நடுவில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அணி சொன்ன காரணம் எடை. பேஜ் நெடுந்தூர ஓட்டம் பழகி 245 பவுண்டிலிருந்து 225க்கு இறங்கிவிட்டார், அந்த உடம்போடு வரிசையின் நடுவில் நின்று எதிரணியின் ஓட்டத்தைத் தடுக்க முடியாது என்பது பயிற்சியாளர் பட் கிராண்டின் வாதம். எத்தனை முறை படித்தாலும் இந்தக் காரணம் என் மனத்தில் ஒட்டவில்லை. பேஜுக்கு ஆட்டத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருந்தது. அந்த ஆண்டுதான் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடித்திருந்தார். வீரர்கள் சங்கத்தில் அணியின் பிரதிநிதியாகப் பல ஆண்டுகள் இருந்தவர். எதையும் கேள்வி கேட்காமல் ஏற்காதவர். அணிக்குப் பாரமாக இருந்தது அந்தக் குணம் என்றுதான் நான் நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மணல்மேடு | சனி, காலை 9.05

வணக்கம். இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. பந்தை எறிபவர், பிடிப்பவர், தூக்கிக்கொண்டு ஓடுபவர் இவர்களைப் பின்தொடர முடிகிறது. நடுவில் மோதிக்கொள்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை. பேஜ் எந்த இடத்தில் ஆடினார்? அவர் வேலை என்ன? இருபது பவுண்டு குறைந்தால் அவ்வளவு வேறுபாடு வருமா?

எண்பத்தெட்டு | சனி, காலை 10.22

நல்ல கேள்வி, மணல்மேடு. இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

தடுக்கும் அணியின் முன்வரிசையில் பேஜ் காலத்தில் நான்கு பேர் நிற்பார்கள். ஓரத்தில் இருப்பவர்கள் எண்டுகள், நடுவில் இருப்பவர்கள் டேக்கிள்கள். பேஜ் வலது டேக்கிள். அவர் முகத்துக்கு நேரே எதிரணியின் இடது கார்டு, அதாவது தன் அணியின் எறிபவரையும் ஓடுபவரையும் காக்கும் ஆட்டக்காரர், குனிந்து நிற்பார். இருவருக்கும் நடுவே பந்தின் நீளம்தான் இடைவெளி. பந்து அசைந்ததும் மோதல். பந்தை எறிபவரான குவாட்டர்பேக் அதை எறிவதற்குள் போய் அவரைத் தன் கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்தினால் அது சாக். பந்தை வாங்கி ஒருவர் நடுவே புகுந்து ஓடினால் அவரை அங்கேயே நிறுத்தவேண்டும். முதல் வேலைக்கு வேகம் வேண்டும், இரண்டாவதற்குக் கனம் வேண்டும். சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஆடுபவர்கள் எதைப் பார்ப்பார்கள் தெரியுமா? எதிரே குனிந்திருக்கும் கார்டின் கை விரல்களை. ஒரு கையைப் புல்லில் ஊன்றித்தான் அவர் நிற்கிறார். முன்னோக்கித் தள்ளப் போகிறார் என்றால் உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் கைக்கு வரும், விரல் முட்டிகள் இரத்தம் வற்றி வெளிறிப்போகும். அது ஓட்டம். பாரம் குதிகாலில் இருந்து கை சும்மா புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால் பின்வாங்கிக் குவாட்டர்பேக்கைக் காக்கப் போகிறார் என்று பொருள். அது எறிதல். நல்ல டேக்கிள் இதை ஒரு நொடியில் படித்துவிடுவார்.

பேஜின் தனிச் சிறப்பு அவருடைய முதல் அடி. பந்து அசைந்த கணத்தில் அவர் கிளம்பிவிடுவார். கார்டு தலையை நிமிர்த்துவதற்குள் தோளைத் தாண்டியிருப்பார். தள்ளிக்கொண்டு போவதை அவர் நம்பவில்லை, நழுவிப் போவதை நம்பினார். கல்லூரியில், நாட்டர் டேமில், எண்டாக ஆடியவர். 1966இல் தேசியப் பட்டம் பெற்ற அணி அது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், வைகிங்ஸ் 1967இல் அவரைப் பதினைந்தாவது தேர்வாக எடுத்து நடுவுக்குக் கொண்டுவந்தது. எண்டின் கால்களை டேக்கிளின் இடத்தில் வைத்தார்கள் என்று சொல்லலாம்.

அவரோடு நின்ற மூவர் கார்ல் எல்லர், கேரி லார்சன், ஜிம் மார்ஷல். சீருடை ஊதா என்பதால் ஊதா மனிதந்தின்னிகள் என்று பெயர் வந்தது. 1969இல் 14 ஆட்டங்களில் அந்த அணி விட்டுக்கொடுத்தது 133 புள்ளிகள்தான். ஆட்டத்துக்குப் பத்துக்கும் குறைவு.

தராசு | சனி, பகல் 12.48

ஆலன் பேஜ் மீது எனக்கும் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் எண்பத்தெட்டு ஒரு பக்கத்தை மட்டும் வைக்கிறார். மறுபக்கத்தை நான் வைக்கிறேன்.

வைகிங்ஸ் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நான்கு முறை ஆடியது, நான்கிலும் தோற்றது. பேஜ் நான்கிலும் ஆடினார். 1970 ஜனவரியில் கான்சஸ் சிட்டியிடம் 23-7. 1974இல் மயாமியிடம் 24-7. 1975இல் பிட்ஸ்பர்கிடம் 16-6. 1977இல் ஓக்லண்டிடம் 32-14. இந்த நான்கு ஆட்டங்களிலும் எதிரணி ஓடியே எடுத்த தூரத்தைப் பாருங்கள்: 151 யார்டு, 196, 249, 266. ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. மயாமியின் லாரி சொங்கா 145 யார்டு, பிட்ஸ்பர்கின் ஃபிராங்கோ ஹாரிஸ் 158 யார்டு. மோதி நசுக்கிக்கொண்டு நடுவே போனார்கள். ஓக்லண்டின் இடப்பக்கம் ஆர்ட் ஷெல், ஜீன் அப்ஷா என்ற இரண்டு மலைகள் நின்றன. அப்ஷாவுக்கு நேர் எதிரே நின்றவர் பேஜ்.

இந்த நான்கு ஆட்டங்களையும் ஓரத்தில் நின்று பார்த்தவர் பட் கிராண்ட். தன் முன்வரிசை வேகமானது, ஆனால் இலேசானது என்பது வேறு யாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த வரிசையில் ஒருவர் தானாகவே இன்னும் இருபது பவுண்டு இறக்கினால் பயிற்சியாளர் கவலைப்படக் கூடாதா?

இன்னொன்று. 1968 முதல் 1976 வரை பேஜ் ஒன்பது முறை தொடர்ந்து, லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் புரோ பவுலுக்குத் தேர்வானார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட இல்லை. 1978இல் அவருக்கு வயது 33. அவர் போனபின்பும் வைகிங்ஸ் அந்த ஆண்டு தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. கிராண்ட் பழிவாங்கினார் என்று எழுதுவது எளிது. அவர் கணக்குப் போட்டார் என்று ஏன் எண்ணக் கூடாது?

எண்பத்தெட்டு | சனி, மாலை 4.30

தராசு அவர்களே, எண்களை எடுத்து வைத்ததற்கு நன்றி. ஆனால் அதே எண்கள் என் பக்கமும் பேசுகின்றன.

முதல் இரண்டு தோல்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1970லும் 1974லும் பேஜ் ஓட்டம் பழகத் தொடங்கவே இல்லை. முழு எடையோடு ஆடினார். அப்போதும் 151, 196. எடைதான் நோய் என்றால் எடை இருந்தபோது அது ஏன் வந்தது? கான்சஸ் சிட்டி அன்று செய்தது வேறு. வைகிங்ஸ் முன்வரிசை பாய்ந்து வரும் என்று தெரிந்து, வரவிட்டுப் பக்கவாட்டில் அடித்துத் திறந்தார்கள். டிராப் (பொறி) ஆட்டம் என்பார்கள் அதை. மைக் காரெட் ஐந்து யார்டு ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுத்தது அப்படித்தான். அது வேகத்துக்கு விரித்த வலை. அந்த வலையிலிருந்து 20 பவுண்டு சதை யாரையும் காப்பாற்றியிருக்காது.

அடுத்து, தோல்விகளைத் தடுப்பின் தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை. வைகிங்ஸ் எடுத்த புள்ளிகள் 7, 7, 6, 14. பிட்ஸ்பர்கிடம் எடுத்த ஆறு புள்ளிகள்கூடத் தாக்கும் வரிசை எடுத்ததல்ல. எதிரணி உதைத்த பந்தை மேட் பிளேர் தடுக்க, எல்லைக் கோட்டுக்குள் அதை டெரி பிரவுன் பிடித்து எடுத்த ஆறு. அன்று வைகிங்ஸ் ஓடி எடுத்தது மொத்தம் 17 யார்டு. பந்து திரும்பத் திரும்ப எதிரணியின் கைக்கே போகிறது. முதுகு ஒடியும்வரை தடுத்துக்கொண்டே இருங்கள் என்றால் யாரால் முடியும்?

சட்டப்புத்தகம் | சனி, இரவு 8.15

எடை விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. எண்பத்தெட்டு தொட்டுவிட்டு நகர்ந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பேஜ் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

அந்தக் காலத்தில் ரோசல் விதி என்று ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் வேறு அணிக்குப் போகலாம், தடையில்லை என்று காகிதத்தில் இருக்கும். ஆனால் அவரை எடுக்கும் அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்கவேண்டும். இரண்டு அணிகளும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஈடு என்ன என்பதை லீகின் ஆணையர் பீட் ரோசல் முடிவு செய்வார். எந்த ஆட்டக்காரரைப் பிடுங்குவார், எத்தனை தேர்வுகளைப் பிடுங்குவார் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அந்த அச்சத்தில் எந்த அணியும் யாரையும் அழைக்காது. கதவு திறந்திருக்கும், வெளியே நடக்கப் பாதை இருக்காது.

இதை எதிர்த்து ஜான் மேக்கியும் வேறு சில ஆட்டக்காரர்களும் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் பேஜும் ஒருவர். விசாரணை நடந்தது மினியாபொலிஸில், பேஜின் சொந்த அணி இருக்கும் ஊரில். 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஞாயிற்றுக்கிழமை அணிக்காக ஆடுகிறார், வார நாளில் அதே லீகுக்கு எதிரான வழக்கில் அவர் பெயர் இருக்கிறது. 1974 வேலைநிறுத்தத்தின்போதும் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தவர் அவர்.

இவ்வளவையும் செய்தபடியே 1975இல் சட்டக் கல்லூரியில் சேர்ந்து மூன்றே ஆண்டுகளில் முடித்தார். பலரும் ஆட்டத்தை விட்டபின் என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள். இவர் நான்காம் வகுப்பிலேயே வழக்கறிஞராக வேண்டும் என்று எண்ணியதாகச் சொல்லியிருக்கிறார். ஒஹாயோவின் கேன்டன் நகரத்தில் பிறந்தவர், எஃகு ஆலைகளின் ஊர். அங்கே ஒரு கறுப்பினச் சிறுவனுக்கு முன்னால் இருந்த வழி அந்த ஆலைதான். அந்த வழியை அவர் சின்ன வயதிலேயே வேண்டாம் என்றுவிட்டார்.

தராசு | சனி, இரவு 9.50

சட்டப்புத்தகம் அவர்களே, ரோசல் விதியைப் பற்றி இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. வழக்கில் அவர் இருந்ததும் அணியின் முடிவும் தொடர்புடையவை என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சந்தேகம் வேறு, சான்று வேறு. பட் கிராண்ட் என்பவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். மின்னசோட்டாவின் குளிரில், புளூமிங்டன் திறந்தவெளி அரங்கில், தன் ஆட்டக்காரர்கள் குளிர்காய ஓரத்தில் கணப்பு வைக்கக்கூட அனுமதிக்காதவர். தேசிய கீதத்துக்கு எப்படி நிற்பது என்று வரிசையில் நிறுத்திப் பழக்கியவர். அவரிடம் எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான். அணிக்கு எது தேவையோ அதைச் செய், இல்லையென்றால் போ. பேஜுக்காகத் தனி வன்மம் தேவையில்லை, அந்த அளவுகோலே போதும்.

நடுவரிசை ஆட்டக்காரர் ஒருவர் மராத்தானுக்குத் தன் உடம்பைத் தயார் செய்தால், அவர் அணிக்கு வேலை செய்கிறாரா, தனக்கு வேலை செய்கிறாரா? இதைக் கேட்க அணிக்கு உரிமை உண்டு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

வடக்குக்காற்று | ஞாயிறு, அதிகாலை 5.30

தராசு அண்ணா, அவர் ஓடத் தொடங்கிய கதையைச் சொல்கிறேன். பேஜின் மனைவி டயான் புகைப்பிடிப்பதை விடவேண்டும் என்று ஓடத் தொடங்கினார். கணவரும் கூட ஓடினார். தொடங்கியது வீட்டுக்குள், மனைவிக்குத் துணையாக. மராத்தான் ஆசையோடு தொடங்கியதல்ல. பிறகு அது அவரைப் பிடித்துக்கொண்டது. 1979இல் ஈடைனா மராத்தானை ஓடி முடித்தார். ஆடிக்கொண்டிருக்கும் என்.எஃப்.எல். ஆட்டக்காரர் ஒருவர் முழு மராத்தான் ஓடியது அதுவே முதல் முறை.

நான் மினியாபொலிஸில் இருக்கிறேன். அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே மராத்தான் நடக்கும். மூன்றாவது மைலுக்குப் பக்கத்தில் நானும் என் மகளும் ஓரமாக நின்றிருந்தோம். மூச்சு விட்டால் புகை வரும் குளிர். திடீரென்று கனத்த ஊதல் ஒலி, யானை செருமுவதுபோல. திரும்பிப் பார்த்தால் உடம்பைச் சுற்றிப் பித்தளைக் குழாய் வளைந்திருக்க, தலைக்குமேல் அதன் வாய் அகன்று நிற்க, ஒரு பெரியவர் சூசஃபோன் வாசித்துக்கொண்டிருந்தார். ஓடுகிறவர்கள் கை அசைத்தபடி போனார்கள். பக்கத்தில் நின்ற அம்மையார் சொன்னார், அவர்தான் நீதிபதி பேஜ், ஒவ்வோர் ஆண்டும் இப்படி வாசிப்பார் என்று.

அவருடைய இடது கையைப் பார்த்தேன். குழாயைத் தாங்கிய கையில் நான்கு விரல்கள் ஒன்றாக மடிந்திருந்தன. சுண்டுவிரல் மட்டும் நடு மூட்டிலிருந்து நேர் கோணத்தில் வெளியே திரும்பி நின்றது. என் மகள் அவ்வளவு நேரமும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்தில் மூட்டு நழுவி நழுவிக் கடைசியில் அப்படியே நின்றுவிட்டது. அந்த விரலை வைத்து அவரும் அவர் மகளும் குழந்தைகளுக்கு ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்கள்.

எடை குறைந்துவிட்டது, அணிக்காக உடம்பைத் தரவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த விரல் கண்முன் வருகிறது.

எண்பத்தெட்டு | ஞாயிறு, காலை 8.10

வடக்குக்காற்று, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதையும் எழுத முடியவில்லை.

இனி சிகாகோவுக்கு வருகிறேன். தராசு சொல்வதுபோல 225 பவுண்டில் ஆட முடியாது என்றால் சிகாகோவில் அது தெரிந்திருக்கவேண்டும் அல்லவா?

அவரை 100 டாலர் கட்டி எடுத்தது யார் தெரியுமா? பேர்ஸின் பொது மேலாளர் ஜிம் ஃபிங்க்ஸ். 1967இல் வைகிங்ஸின் பொது மேலாளராக இருந்து பேஜை முதன்முதலில் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். பேர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் நீல் ஆம்ஸ்ட்ராங், அதற்கு முந்தைய ஆண்டுவரை வைகிங்ஸின் தடுப்பு வரிசையை வழிநடத்தியவர். தடுப்புப் பயிற்சியாளர் பட்டி ரயன், 1976லும் 1977லும் வைகிங்ஸில் பேஜின் முன்வரிசைக்கே பயிற்சியாளராக இருந்தவர். மூன்று பேரும் பேஜை உள்ளங்கை ரேகைபோல அறிந்தவர்கள். அவர் இளைத்திருந்ததும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தார்கள்.

பேர்ஸில் அவர் 58 ஆட்டங்கள் ஆடினார். 40 சாக். அதே இலேசான உடம்போடு, 33 வயதிலிருந்து 36 வயதுவரை. 1979இல் அந்த அணி பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்றுக்குப் போனது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 1967 முதல் 1977 வரை 11 பருவங்கள், பருவத்துக்கு 14 ஆட்டங்கள்: 154. 1978இல் வைகிங்ஸுக்கு 6. அதே பருவத்தில் பேர்ஸுக்கு 10. பிறகு மூன்று முழுப் பருவங்கள், 16 வீதம் 48. கூட்டினால் 218. பேஜின் தொடர் ஆட்டங்களின் எண்ணிக்கையும் சரியாக 218தான். பதினைந்து பருவங்களில் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. தூக்கி எறிந்த வாரத்தில்கூட. ஒரு சீருடையைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொண்டு, சீருடை எண் 88ஐ விட்டு 82ஐப் போட்டுக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்குப் போய் நின்றார். அந்த 218இல் இருக்கும் பிடிவாதத்தை எந்தக் கோப்பையோடும் மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை.

மணல்மேடு | ஞாயிறு, காலை 9.36

ஒரு சந்தேகம். லீகின் சாதனைப் பட்டியலில் சாக் எண்ணிக்கையைத் தேடினேன். பேஜ் பெயரே இல்லை. நான் தவறான பட்டியலைப் பார்க்கிறேனா?

தராசு | ஞாயிறு, காலை 10.20

தவறு உங்களுடையது அல்ல, மணல்மேடு. லீக் சாக்கை அதிகாரப்பூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல். பேஜ் ஓய்வு பெற்றது 1981 பருவத்தோடு. ஓர் ஆண்டு வித்தியாசம். அதனால் அதிகாரப்பூர்வக் கணக்கில் அவருக்கு ஒன்றுகூட இல்லை. பழைய ஆட்டக் குறிப்புகளைத் தோண்டி எடுத்த ஆய்வாளர்கள் 148.5 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வைகிங்ஸில் 108.5, பேர்ஸில் எண்பத்தெட்டு சொன்ன அந்த 40.

எண்பத்தெட்டு அவர்களே, ஃபிங்க்ஸ், ஆம்ஸ்ட்ராங், ரயன் மூவரையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்ததில்லை. நேற்று நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். அவரால் ஆட முடியாது என்ற கணிப்பு தவறு. அந்தக் கணிப்பு நேர்மையாகச் செய்யப்பட்டது என்பதில் மட்டும் நான் மாறவில்லை. நல்ல பயிற்சியாளர்களும் தவறாகக் கணிப்பார்கள்.

ரயன் பெயர் வந்ததால் இன்னொன்று. 1981இல் பேர்ஸின் பயிற்சியாளர்களை மொத்தமாக மாற்றப்போகிறார்கள் என்ற நிலை. தடுப்பு வரிசையினர் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸுக்குக் கடிதம் எழுதினார்கள், ரயனை வைத்துக்கொள்ளுங்கள் என்று. கடிதத்தை எழுதியவர்கள் கேரி ஃபென்சிக்கும் பேஜும். ஹாலஸ் ஏற்றுக்கொண்டார். ஆம்ஸ்ட்ராங் போனார், மைக் டிட்கா வந்தார், ரயன் மட்டும் இருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1985 பருவத்தில், அதே ரயனின் தடுப்புதான் சிகாகோவுக்குச் சூப்பர் பவுல் வாங்கித் தந்தது. பேஜ் அதற்குள் போய்விட்டார். தனக்குக் கிடைக்காத கோப்பைக்கு ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சட்டப்புத்தகம் | ஞாயிறு, பகல் 1.15

அருமை, தராசு. கடிதம் எழுதி வேலையைக் காப்பது, அதுவும் வழக்கறிஞர் வேலைதான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985இல் மின்னசோட்டா அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தார். அந்த மாநிலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். ஆனால் நடைமுறையில் இடம் காலியாவது ஆளுநர் நியமிக்கும் வகையில் அமைந்துவிடும், தேர்தல் பெயருக்குத்தான். 1992இல் பேஜ் போட்டியிட விரும்பிய இடத்தில் இருந்த நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்தார், அதனால் தேர்தலே இல்லை என்றானது. பேஜ் வழக்குத் தொடுத்தார், வென்றார், தேர்தலை நடத்த வைத்தார். அதில் நின்று வென்று, அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். ஆட்டக்காரராக லீகிடம் கேட்டதையே இங்கே மாநிலத்திடம் கேட்டார்: காகிதத்தில் எழுதியிருக்கிறதே, அதைச் செய்.

1998, 2004, 2010 மூன்று முறையும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 70 வயதில் ஓய்வு பெறவேண்டும் என்பது அங்கே சட்டம். 2015இல் இறங்கினார். ஆட்டக்காரராக 15 பருவங்கள், நீதிபதியாக 22 ஆண்டுகளுக்கும் மேல்.

வடக்குக்காற்று | ஞாயிறு, மாலை 3.02

கேன்டன் பற்றிச் சொன்னீர்களே, அதில் ஒன்று விட்டுப்போய்விட்டது. இந்த ஆட்டத்தின் புகழரங்கம் இருப்பது அதே கேன்டனில். 1963இல் திறந்தார்கள். அந்தக் கட்டடம் எழும்பியபோது அங்கே கூலி வேலை செய்தவர்களில் பதின்ம வயது ஆலன் பேஜும் ஒருவர். 1988இல் அதே கட்டடத்துக்குள் அவரை வரவேற்று மரியாதை செய்தார்கள்.

தன்னை மேடையில் அறிமுகம் செய்யப் பழைய பயிற்சியாளரையோ கூட ஆடியவரையோ அவர் அழைக்கவில்லை. மினியாபொலிஸ் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை வில்லரீன் பீஸ்லியை அழைத்தார். உரையிலும் கல்வியைப் பற்றித்தான் பேசினார். அதே ஆண்டு மனைவியோடு சேர்ந்து கல்வி அறக்கட்டளை தொடங்கினார். அங்கே உதவித்தொகை வாங்கும் மாணவர்கள் தங்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவேண்டும், அதுதான் நிபந்தனை. ஆயிரக்கணக்கானவர்கள் அப்படிப் படித்திருக்கிறார்கள். வைகிங்ஸ் அணியும் அந்த 1988இல்தான் 88ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று எடுத்து வைத்தது.

2017இல் இங்கே ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவர் பெயர் வந்தது. பழைய பெயர் மாநிலத்தின் பழைய ஆளுநர் ஒருவருடையது. அதை மாற்றவேண்டும் என்று கேட்டு நின்றவர்கள் அந்தப் பள்ளியின் மாணவர்கள். பெயர்ப் பலகையில் ஆட்டக்காரர் என்று இல்லை, நீதிபதி பேஜ் என்றுதான் இருக்கிறது.

எண்பத்தெட்டு | ஞாயிறு, மாலை 6.44

தராசு, நீங்கள் திரும்பப் பெற்றதற்குப் பதிலாக நானும் ஒன்றைத் திரும்பப் பெறவேண்டும். கிராண்ட் பழிவாங்கினார் என்ற தொனியில் தொடங்கினேன். அதற்கு என்னிடம் சான்று இல்லை. ஒருவர் எந்த எடையில் எப்படி ஆடவேண்டும் என்று பழைய பழக்கம் ஒரு அச்சு வைத்திருந்தது, அந்த அச்சில் பேஜ் அடங்கவில்லை, கிராண்ட் அச்சை நம்பினார். இவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் அது நியாயமா என்று தலைப்பில் கேட்டிருந்தேன். இல்லை என்பதுதான் இப்போதும் என் பதில்.

மணல்மேடு | ஞாயிறு, இரவு 10.58

எல்லாருக்கும் நன்றி. மாலையில் 1970 சூப்பர் பவுலின் பழைய படச்சுருளைத் தேடிப் பார்த்தேன். முதல் முறை பழக்கத்தில் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. பிறகு நிறுத்தி, பின்னால் ஓட்டி, 88ஐ மட்டும் பார்த்தேன். எண்பத்தெட்டு சொன்ன அந்த முதல் அடி தெரிந்தது. மற்ற மூவரும் இன்னும் குனிந்திருக்க அவர் மட்டும் நிமிர்ந்திருந்தார். அடுத்த முறை பந்து அசைந்தபோது அதே வேகத்தில் வந்தவரைக் கான்சஸ் சிட்டிக்காரர்கள் பக்கத்திலிருந்து தள்ளிவிட்டு நடுவே போனதும் தெரிந்தது. தராசு ஐயா சொன்னதும் சரி, எண்பத்தெட்டு சொன்னதும் சரி என்று தோன்றியது.

படம் மங்கலாக இருப்பதால் விரல் முட்டிகள் தெரியவில்லை. ஆனால் கான்சஸ் சிட்டியின் இடது கார்டு எட் பட்டியின் தோள், ஓட்டத்துக்கு முன் கொஞ்சம் இறங்குகிறதோ என்று ஒரு சந்தேகம். நாளை மறுபடியும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.